வளைவில் விழும் பள்ளம்

கல்முனை
14.09.2025

பஸாலுக்கு,

உன் உம்மாவை எரிக்கச் சம்மதம் என்று கையெழுத்து வைத்தவன் நீ. எத்தனை மாரி வந்து போனாலும் அது மாறாது. அந்தக் கைக்கு நம் வீட்டுக்கு வரும் இந்த ஒழுங்கையில் ஒரு கல்லை நகர்த்தவும் உரிமை இல்லை. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அஸ்ஸலாமு அலைக்கும். மூன்று நாளுக்கு மேல் ஒருவனோடு ஸலாமை நிறுத்துவது பாவம். ஐந்து வருடமாக அந்தப் பாவத்தைச் சுமந்தேன். இன்றோடு அதை மட்டும் இறக்கிவிட்டேன். வேறு அர்த்தம் எடுக்காதே.

நேற்று உன் மச்சான் றுமைஸ் ஒழுங்கையில் அளவு நாடாவோடு நின்றார். "என்ன மருமகன், ஒழுங்கைக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?" என்று கேட்டேன். "கொங்கிறீட் போடப் போறம் மாமா. பஸால் மச்சான்தான் சொன்னார். சாமானெல்லாம் அவர்ர பொறுப்பாம்" என்றார். நாடாவை வாங்கிச் சுருட்டி அவர் சட்டைப் பைக்குள் வைத்து அனுப்பினேன்.

கொழும்பில் இருந்துகொண்டு இங்கே கொங்கிறீட் போடச் சொல்ல நீ யார்? இந்த ஒழுங்கை யாருடையது என்று மறந்துவிட்டாய் போல. வீடும் வளவும் உன் ராத்தா மர்ஷூதாவின் கலியாணத்தோடு அவள் பெயருக்கு எழுதியாயிற்று. பெண்பிள்ளைக்கு வீடு கொடுப்பதும் ஆண்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவதும் நம் ஊர் வழக்கம். நானும் ஒரு தகரப் பெட்டியோடு இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவன்தான். ஆனால் எழுதும்போது ஒழுங்கையை எழுத விட்டுவிட்டார்கள். வயல் வீதியிலிருந்து வீட்டுக் கேற் வரைக்கும் வரும் அந்தச் சரளை மண் பாதை, அந்தக் கிறவல் துண்டு, இன்னும் உன் உம்மா முனவ்வறாவின் பெயரிலேயே கிடக்கிறது. இந்தத் துன்யாவில் அவளுக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான். அதை நான் பார்க்கிறேன். கண் மூடும்வரை பார்ப்பேன்.

மெசின் இன்னும் ஓடுகிறது. மட்காட்டில் குந்திக்கொண்டு என்னோடு வயலுக்கு வருவாயே, அதே சிவப்பு உழவு மெசின்தான். சிவப்பு இப்போது கொஞ்ச இடத்தில்தான் இருக்கிறது. பழைய லொறிச் சட்டத்தை வெட்டி நானே ஒட்டிய பலகையைப் பின்னால் பூட்டி, வெயில் காலத்தில் எப்போதாவது, மாரியில் கிழமைக்கு ஒரு தரம் ஒழுங்கையை வழிக்கிறேன். ஓரத்துக்கு ஒதுங்கிய கிறவலை நடுவுக்கு இழுத்து, நடுவை ஆமை முதுகு மாதிரி உயர்த்திவிட்டால் தண்ணீர் இரண்டு பக்கக் கானிலும் இறங்கிவிடும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கெடுத்துக் கெடுத்துப் படித்தேன்.

ஒரே ஒரு இடம்தான் எனக்கு அடங்கவில்லை. ஜதுசனின் வயல் வரம்பு தொடங்கும் அந்த வளைவு. எத்தனை தரம் நிரப்பினாலும் அடுத்த மழைக்கு அங்கே பள்ளம் விழுகிறது. அதற்கும் ஒரு வழி பார்ப்பேன். கொங்கிறீட் வேண்டாம்.

போன் எடுக்காதே. உன் குரல் எனக்கு வேண்டாம். சொல்ல ஏதாவது இருந்தால் எழுது.

இப்படிக்கு,
ஐ.எல். அப்துல் மஜீட்


தெமட்டகொட
22.09.2025

அன்புள்ள வாப்பாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.

உங்கள் கையெழுத்தை உறையில் கண்டதும் வேலைக்குப் போகவில்லை. முதல் வரியை வாசித்தேன். அதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. இரண்டாவது பந்தியில் இருந்த ஸலாமை உங்கள் மருமகள் அஸ்பியாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவ அடுப்பை நிறுத்திவிட்டு வந்து கேட்டா. மகள் ஹுஸ்னியாவுக்கு நாலு வயது முடியப் போகிறது. "இது ஆர்ர எழுத்து?" என்று கேட்டாள். "உங்கட மூத்தவாப்பாட" என்றேன். "ஏன் இவ்வளவு அமத்தி எழுதியிருக்கார்? பேப்பர் கிழிஞ்சிடும்" என்றாள். உண்மைதான் வாப்பா, மறுபக்கத்தில் தடவினால் எழுத்து கையில் படுகிறது.

கொங்கிறீட் விஷயம் நான் சொன்னதுதான். றுமைஸ் மச்சானைக் கோபிக்க வேண்டாம். ராத்தாவுக்கும் முழங்கால் வலி தொடங்கிவிட்டதாம். உங்களுக்கும் எழுபது தாண்டிவிட்டது. சீனி வருத்தத்தோடு அந்த மெசினில் ஏறி இறங்குவது நல்லதில்லை. கிளட்ச் மிதிக்கும்போது உங்கள் கால் நடுங்குவதாக ராத்தா சொன்னா.

ஒழுங்கை முழுவதும் வேண்டாம் என்றால் வளைவுக்கு மட்டுமாவது போடலாம். அதுவும் பிடிக்காவிட்டால் அந்த இடத்தில் மேலால் கொஞ்சம் கிறவலைப் போட்டு அப்படியே விட்டுவிடுங்கள். பள்ளம் இருந்தால் இருக்கட்டும். கிண்ட வேண்டாம். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

மருந்தைச் சாப்பாட்டுக்கு முன் எடுங்கள், பிறகு அல்ல.

உங்கள் மகன்,
பஸால்


கல்முனை
01.10.2025

பஸாலுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

குளிர்சாதனப் பெட்டி திருத்துகிறவன் எனக்கு ஒழுங்கை திருத்தச் சொல்லித் தருகிறான். பள்ளத்துக்கு மேல் கிறவலைக் கொட்டி விட்டால் என்ன நடக்கும் தெரியுமா? கிண்ணத்துக்குள் சோறு மாதிரி அது தனியாக இருக்கும். ஒரு மழை, ஒரு ஓட்டோ, எல்லாம் வெளியே வந்துவிடும். பள்ளத்தின் அடி எங்கே இருக்கிறதோ அதுவரைக்கும் கலப்பை இறக்கிக் கிளற வேண்டும். அடியும் மேலும் ஒன்றாகக் கலந்த பிறகு மட்டப்படுத்தினால்தான் இறுகும். நான் இதுவரை மேலால் மட்டும் பூசிக்கொண்டிருந்தேன். என் பிழை அதுதான். காய்ந்த தரையில் கிளறினால் தூசிதான் மிஞ்சும். முதல் மழை விழட்டும். ஈரம் உள்ளே இறங்கியதும் பலகையைக் கழற்றிவிட்டுக் கலப்பையைப் பூட்டுவேன்.

தேத்தண்ணிக் கடையில் என்னைக் கண்டால் பெடியன்கள் சிரிக்கிறார்கள். "மஜீட் காக்கா, இண்டைக்கு ஒழுங்கய இஸ்திரி போட்டாச்சா?" என்று கேட்கிறார்கள். "ஓம், உன்ட வாப்பாட சாறனும் கிடந்திச்சு, அதையும் சேத்துப் போட்டன்" என்றேன். மர்ஷூதா வேறு. "வாப்பா, ஒழுங்க ஒழுங்க எண்டு கெடக்கீங்க, சீனி எவ்வளவு எண்டு பாத்தீங்களா?" என்கிறாள். "ஒழுங்கையில சீனி இல்ல மகள்" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏன் வழிக்கிறேன் என்று உங்கள் யாருக்கும் தெரியாது. கடைசியாக அவளை ஓட்டோவில் ஏற்றி நீ கொழும்புக்குக் கூட்டிப்போன அன்றைக்கு ஒழுங்கை உழுத வயல் மாதிரிக் கிடந்தது. மெசினுக்கு டீசல் இல்லாமல் நான் வழிக்காமல் விட்டிருந்தேன். அந்த வளைவில் ஓட்டோ விழுந்து எழும்பியபோது "யா அல்லாஹ்" என்றாள். நான் கேற்றடியில் நின்று கேட்டேன். அவள் குரலில் நான் கடைசியாகக் கேட்டது அதுதான்.

இனி ஒன்று எழுதுகிறேன். மர்ஷூதாவுக்குச் சொல்லாதே, என்னை ஆஸ்பத்திரிக்கு இழுப்பாள்.

அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவில், பொழுது சாயும்போது, மெசினை நிறுத்திவிட்டு நான் கேற்றடியில் நிற்கும் நேரம், கிறவலில் செருப்புச் சத்தம் கேட்கிறது. முழங்கால் வலிக்குப் பிறகு உன் உம்மா இடது காலை இழுத்து நடப்பாளே, ஒரு அடி அழுத்தமாக, ஒரு அடி உரசலாக, அந்த நடை. வயல் வீதியில் தொடங்கும். மெதுவாக வரும். வளைவில் வந்து நின்றுவிடும். அதற்கு இங்கால் வருவதே இல்லை. போய்ப் பார்த்தால் ஒரு தடமும் இருக்காது. நான் வழித்த கோடு வழித்தபடி கிடக்கும். பள்ளத்தில் மட்டும் தண்ணீர் நிற்கும், மழை இல்லாத நாளிலும்.

மௌத்தானவர்கள் நடமாடுகிறார்கள் என்று நம்புவது ஈமானுக்கு ஆகாது. எனக்குத் தெரியும். நான் நம்பவில்லை. எனக்குக் கேட்கிறது, அவ்வளவுதான்.

குளிப்பாட்டல் இல்லை. சுற்றக் கபன் துணி இல்லை. அவளைத் தோளில் சுமந்த சந்தூக்கு இந்த ஒழுங்கையால் போகவில்லை. அடக்க ஒரு கப்று இல்லை. பக்கத்தில் ஒரு சொந்தம் இல்லாமல் அவளைத் தன்னந்தனியாக நெருப்புக்கு அனுப்பினாய். பிறகு அவள் எங்கே போவாள்? வீட்டுக்கு வரவும் முடியாமல் வளைவில் நிற்கிறாள். உன்னால்.

ஐ.எல். அப்துல் மஜீட்


தெமட்டகொட
09.10.2025

அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

முதல் வரிக்குப் பதில் சொல்ல மாட்டேன் என்று எழுதியிருந்தேன். "தன்னந்தனியாக" என்று நீங்கள் எழுதிய பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

அந்த டிசம்பரில் நம் ஊர்ப் பக்கமெல்லாம் பூட்டிக் கிடந்தது. நீங்கள் வர முடியாது. உம்மா நெஞ்சு வருத்தத்துக்குத்தான் வந்தார். மௌத்தான பிறகு சோதித்துவிட்டு, கொரோனா என்றார்கள். அந்த நேரத்துச் சட்டம் உங்களுக்குத் தெரியும். அடக்க விடமாட்டார்கள். எத்தனையோ குடும்பம் கையெழுத்து வைக்காமல் திரும்பிப் போனது. நானும் வைக்காமல்தான் நின்றேன். ஒரு பகலும் ஒரு இரவும் ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன்.

பிறகு ஒருவர் வந்து சொன்னார். "தம்பி, நீங்க வச்சாலும் எரிப்பாங்க, வைக்காட்டியும் எரிப்பாங்க. வச்சா நீங்க கூடப் போகலாம். முகத்தைப் பார்க்கலாம். வைக்காட்டி ஆக்கள் இல்லாத பெட்டியாப் போகும்."

நான் வைத்தேன். உம்மா தனியாகப் போகக் கூடாது என்றுதான் வைத்தேன்.

முகத்தைக் காட்டினார்கள். தள்ளி நிற்கச் சொன்னார்கள், நின்றேன். தொழுவிக்க யாரும் இல்லை. நானே தக்பீர் கட்டினேன். பின்னால் ஒருவரும் இல்லை. முன்னால் உம்மா இருந்தார். கதவு மூடும்வரை அங்கேயே நின்றேன். காவலுக்கு நின்ற சிங்கள ஆள் ஒருவர் தன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, எல்லாம் முடியும்வரைக்கும் என்னோடு நின்றார்.

இதைச் சொல்ல நான் வந்தேன் வாப்பா. ஊர் திறந்ததும் வந்தேன். நீங்கள் மெசினைக் குறுக்கே நிறுத்தினீர்கள்.

இப்போது ஒன்றே ஒன்று கேட்கிறேன். வளைவைக் கிளற வேண்டாம். நான் வரும்வரைக்கும் பொறுங்கள். காரணம் நேரில் சொல்கிறேன். கடிதத்தில் எழுதக்கூடியதாக இல்லை.

பஸால்


கல்முனை
18.10.2025

பஸாலுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

கடிதம் கிடைத்தது. நீ கூட நின்றதாக எழுதியிருக்கிறாய். நின்றிருப்பாய். கையெழுத்து கையெழுத்துதான். நான் என்றால் வைத்திருக்க மாட்டேன். பெட்டி தனியாகப் போயிருக்கும் என்கிறாய். போயிருக்கும். அல்லாஹ் பார்த்துக்கொண்டிருப்பான்.

அவள் முகம் எப்படி இருந்தது என்று நீ எழுதவில்லை. எழுதவும் வேண்டாம்.

மழை தொடங்கிவிட்டது. மூன்று நாளாக நல்ல மழை. வயலெல்லாம் விதைப்புக்குத் திரும்பிவிட்டது. எல்லா மெசினும் சேற்றில் நிற்க, என் மெசின் மட்டும் ஒழுங்கையில் நிற்பதைப் பார்த்து ஜதுசனும் சிரிக்கிறான். "ஐயா, என்ட துண்டையும் ஒருக்கா அடிச்சுத் தாங்களன்" என்று கேட்டான். முதலில் என் வேலை என்றேன்.

ஈரம் உள்ளே போய்விட்டது. வளைவில் இரும்புக் கம்பியைக் குத்திப் பார்த்தேன். மற்ற இடமெல்லாம் கம்பி இறங்கவில்லை. அங்கே மட்டும் முழங்கை அளவுக்குத் தடையில்லாமல் போனது. வெண்ணெயில் குத்தின மாதிரி. அடியில் இறுகாத மண் ஏதோ இருக்கிறது. அதனால்தான் இத்தனை வருடமும் இறங்குகிறது. இப்போது காரணம் பிடிபட்டுவிட்டது, இனி விடமாட்டேன்.

வியாழக்கிழமை காலை கலப்பை இறக்குகிறேன். கேற்றிலிருந்து தொடங்கி வீதி வரைக்கும் எல்லாப் பள்ளத்தையும் கிளறிக்கொண்டு போவேன்.

நேரில் சொல்கிற காரணம் எதுவும் எனக்கு வேண்டாம். நீ வரவும் தேவையில்லை.

சத்தம் இப்போது மழையிலும் கேட்கிறது.

ஐ.எல். அப்துல் மஜீட்


தெமட்டகொட
22.10.2025

வாப்பா,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. கல்முனை பஸ் சாரதியிடம் கொடுத்து, றுமைஸ் மச்சானைச் சந்தியில் நின்று வாங்கச் சொல்லியிருக்கிறேன். நானும் அதே பஸ்ஸில் ஏறியிருப்பேன். வரத் தேவையில்லை என்று எழுதிவிட்டீர்கள். நீங்கள் கூப்பிடாமல் இன்னொரு தரம் அந்த ஒழுங்கையில் கால் வைக்க எனக்குத் தைரியம் இல்லை. மெசின் சாவியை ஒளித்து வைக்கும்படி ராத்தாவிடம் போனில் சொன்னேன். ஏன் என்று அவவுக்கும் சொல்லவில்லை. இதை முதலில் கேட்க வேண்டியவர் நீங்கள்.

கலப்பையை இறக்க வேண்டாம். வளைவில் உம்மா இருக்கிறார்.

எரித்த பிறகு சாம்பலை ஒரு சட்டியில் தந்தார்கள். வாங்காமல் போனவர்களும் உண்டு. நான் வாங்கினேன். ஊர் திறக்கும்வரை அறையில் அலமாரிக்கு மேல் வைத்திருந்தேன். அந்த நாட்களில் அறையில் சத்தமாகக் கதைக்கவில்லை.

ஜனவரியில் கொண்டுவந்தேன். கையில் ஒரு பை இருந்தது, உங்களுக்கு நினைவிருக்கலாம். நீங்கள் புதுக் கிறவல் இறக்கி, குவியல் குவியலாக வைத்துப் பரப்பிக்கொண்டிருந்தீர்கள். என்னைக் கண்டதும் மெசினைக் குறுக்கே விட்டீர்கள். இயந்திரத்தை நிறுத்தவில்லை. "உம்மாவைக் கொண்டு வந்திருக்கன் வாப்பா" என்று நான் கத்தினேன். மூன்று தரம் கத்தினேன். நீங்கள் கையை வீசி, போ என்றீர்கள். கேட்டும்தான் விரட்டுகிறீர்கள் என்று நினைத்தேன். கேட்கவில்லை என்பது பஸ்ஸில் திரும்பும்போதுதான் விளங்கியது.

நீங்கள் உள்ளே போன பிறகு நான் வளைவில் நின்றேன். எங்கே கொண்டுபோவது? பள்ளிவாசலில் கேட்கப் பயம். அந்த நேரம் எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் பயம். வீடு ராத்தாவுடையது, மச்சானைக் கேட்காமல் முடியாது. வரம்பு ஜதுசனுடையது. உம்மாவின் பெயரில் இருந்த நிலம் என் காலுக்குக் கீழே இருந்த கிறவல் மட்டும்தான். உம்மாவை உம்மாவின் காணியில் வைத்தேன்.

ஜதுசனிடம் மண்வெட்டி வாங்கினேன். என்னத்துக்கு என்று அவர் கேட்கவில்லை. முழங்கால் ஆழத்துக்கு வெட்டினேன். சட்டியோடு வைக்க மனம் வரவில்லை. என் வெள்ளைச் சட்டையில் சுற்றி மண்ணில் வைத்து, கிப்லாவைப் பார்த்து யாசீன் ஓதினேன். மூடிவிட்டு மேலால் உங்கள் குவியலிலிருந்து கிறவலை இழுத்துப் போட்டேன். அடுத்த நாள் நீங்கள் அந்தக் குவியலைப் பரப்பியிருப்பீர்கள்.

கொங்கிறீட் போடச் சொன்னது அதற்காகத்தான். பலகை அங்கே போய்ப் போய் வருவதை நினைத்தால் எனக்கு நித்திரை இல்லை.

உங்களுக்குக் கேட்கும் சத்தம் என்னவென்று எனக்குத் தெரியாது. உம்மா வழி தெரியாமல் நிற்கவில்லை வாப்பா. வந்து சேர்ந்துதான் நிற்கிறார்.

பஸால்


கல்முனை
01.11.2025

மகன் பஸாலுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹ்.

உன் ராத்தா சாவியை அரிசிப் பானைக்குள் ஒளித்தாள். இந்த மெசினுக்குச் சாவி வெறும் அலங்காரம் என்று அவளுக்குத் தெரியாது. இரண்டு வயரைத் தொட்டால் போதும். வியாழன் விடியத் தொடங்கிவிட்டேன். கேற்றடிப் பள்ளம், தென்னையடிப் பள்ளம், இரண்டும் கிளறி முடிந்தது. வளைவுக்கு வந்தேன். ஈரம் எப்படி என்று பார்க்க முதலில் கலப்பையைத் தூக்கியபடியே அந்த இடத்தைத் தாண்டிப் போனேன். பிறகு பின்னுக்கு எடுத்து இறக்கலாம் என்று கியரில் கை வைத்தபோது றுமைஸ் மருமகன் வீதியிலிருந்து சாறனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "மாமா, மாமா" என்று கத்தியிருக்கிறார். எனக்குக் கேட்கவில்லை. மெசினுக்கு முன்னால் வந்து இரண்டு கையையும் விரித்து நின்ற பிறகுதான் நிறுத்தினேன்.

சீற்றில் இருந்தபடியே வாசித்தேன்.

நாலே முக்கால் வருடம் அவள் மேல் மெசின் ஓட்டியிருக்கிறேன். கப்றை மிதிக்கக் கூடாது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் இரும்புப் பலகையால் வழித்தேன். அந்தக் குவியலைப் பரப்பியதும் நான்தான். அவளுக்கு மண் போட்டது நான் என்று தெரியாமலே போட்டிருக்கிறேன்.

அன்றைக்கு நீ கத்தியது எனக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நிறுத்தியிருப்பேனா என்று கேட்காதே. எனக்கே தெரியாது. கையெழுத்தை நான் இன்னும் ஏற்கவில்லை. அதை மறுமையில் கதைத்துக்கொள்வோம், நீயும் நானும்.

மெசின் அன்று நின்ற இடத்திலேயே நிற்கிறது. வளைவுக்கு அங்கால், வீதிப் பக்கம். வீட்டுக்குக் கொண்டுவர வேண்டுமானால் அவள் மேலால்தான் வர வேண்டும். நான் வரமாட்டேன். மழையில் நனைகிறது, நனையட்டும். றுமைஸ் ஒரு றப்பர் விரிப்பால் மூடியிருக்கிறார். வளைவைச் சுற்றி நான் கம்பு நட்டுக் கயிறு கட்டியிருக்கிறேன். வீட்டு ஆட்கள் ஜதுசனின் வரம்பால் ஏறி இறங்குகிறார்கள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. மர்ஷூதா அழுது முடித்துவிட்டு ஜதுசனைப் பிடித்து ஏசினாள். "தெரிஞ்சும் சொல்லாம இரிந்தீங்களா?" அவன் சொன்னான்: "அக்கா, அந்தத் தம்பி அழுதுகொண்டு மண்வெட்டி கேட்டார். அழுதுகொண்டு திருப்பித் தந்தார். அதுக்குப் பிறகு நான் என்னத்தக் கேக்கிற?"

நேற்று அஸருக்குப் பிறகு கயிற்றுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். மஃரிப் பாங்கு சொல்லும்வரை இருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. முந்தாநாளும் இல்லை. சத்தம் இல்லாதது எனக்கு அதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

மௌலவியிடம் கேட்டேன். "மிதிபடுற இடத்தில இரிக்கக் கூடாது காக்கா, எடுத்து மையவாடியில அடக்குங்க" என்றார். அவளுக்காகத் தொழுவது பற்றிக் கேட்டேன். அவர் ஒன்று சொன்னார், வேறொரு மௌலவி இன்னொன்று சொன்னார். அவர்கள் கதைத்து முடிக்கட்டும். நான் தொழுவேன். நீ தக்பீர் கட்டியபோது உனக்குப் பின்னால் ஒருவரும் இல்லை என்று எழுதியிருந்தாய். இந்த முறை பின்னால் ஸப்பு வரிசை நிறைய ஆள் இருக்கும்.

வருகிற வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு. அதற்கு முன்னால் நடக்க வேண்டியதை எழுதுகிறேன். மறுகா போனில் கேட்டுக்கொண்டிருக்காதே.

மர்ஷூதா: கபன் துணி. புதிதாக வாங்க வேண்டாம். ஹஜ்ஜுக்குப் போகும்போது உடுக்க என்று உம்மா எடுத்து வைத்த வெள்ளைத் துணி அலுமாரியில் அடியில் இருக்கிறது. அதை வெயிலில் போட்டு எடுக்க வேண்டும்.

றுமைஸ்: பள்ளிவாசலில் சந்தூக்கும் மையவாடியில் இடமும் கேட்டு வைப்பது. சின்னப் பொட்டலத்துக்குச் சந்தூக்கு எதற்கு என்று யாராவது கேட்டால் என்னிடம் அனுப்புவது. கொங்கிறீட் கதையை அன்றைக்கு எடுக்காமல் இருப்பது. அடுத்த மாதம் எடுக்கலாம், வளைவு தவிர்ந்த இடத்துக்கு.

ஜதுசன்: அதே மண்வெட்டி. வரம்பை ஒரு பக்கம் வெட்டி, குழிக்குள் வயல் தண்ணீர் வராமல் திருப்பிவிடுவது. அவனுடைய துண்டை நான் பிறகு உழுது கொடுப்பேன், சொல்லிவிட்டேன்.

அஸ்பியாவும் பிள்ளையும்: வியாழனே வர வேண்டும். ஓட்டோவை வீதியில் நிறுத்திவிட்டு ஒழுங்கையால் நடந்து வரட்டும், வளைவில் மட்டும் வரம்பால். பிள்ளை நடக்கும் அளவுக்குக் கிறவலைப் பொடியாக்கி வைப்பேன். அமத்தி எழுதுவது ஏன் என்று நானே அவளுக்குச் சொல்கிறேன்.

நான்: வெள்ளி ஸுபஹு தொழுதுவிட்டு, வளைவிலிருந்து வீதி வரைக்கும் வழிப்பேன். அவள் போக வேண்டியது அந்தப் பக்கம்தான், மெசினும் அந்தப் பக்கம்தான் நிற்கிறது. கலப்பையைக் கழற்றிப் பலகையைப் பூட்டியாயிற்று. இந்த முறை ஒரு குலுக்கல் இருக்காது.

நீ: குழியைத் திறப்பது நீதான், எங்கே எந்த ஆழத்தில் என்று உனக்குத்தான் தெரியும். மேல் கிறவலுக்கு மட்டும் மண்வெட்டி. மறுகா கையால். துணி இற்றுப் போயிருக்கும், அந்த மண்ணையும் சேர்த்து எடு. ஒரு பிடியும் மிஞ்சக் கூடாது.

சந்தூக்கு: முன்பக்கம் வலது தோள் நீ. முன்பக்கம் இடது தோள் நான். பின்னால் றுமைஸும் மௌலவியும். வீதிக்குப் போகும்வரை கை மாற்றக் கூடாது. சுமை இருக்காது, ஆனாலும் மெதுவாக நடக்க வேண்டும்.

மையவாடியிலிருந்து திரும்பி வந்ததும், வளைவில் குழியை மூடுவதும் நீ. சும்மா மண்ணைத் தள்ளி மூடாதே. நீ மூடின வடிவில்தான் இத்தனை வருடமும் பள்ளம் விழுந்தது. அரை அடி மண், தண்ணீர் தெளிப்பு, இடிப்பு. பிறகு அடுத்த அரை அடி. மேலே வரும்வரை அப்படித்தான். நான் பக்கத்தில் நிற்பேன்.

வாப்பா